கண் மூடிய படம்

பதினோராம் நாள் காலையும் பெரியவர் வந்து நின்றுவிட்டார்.

பெரியவர் என்றதும் மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஒரு சாம்பல் நாரை. கழுத்தை உள்ளே இழுத்து, தோளைக் குறுக்கிக்கொண்டு, பென்ஷன் ஆபீஸ் வரிசையில் நிற்பவர் மாதிரி குட்டைத் தண்ணீரில் நிற்பதால் போட்டோக்காரி அதற்கு வைத்த பெயர். அவளுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் கடைத்தெருவில் அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை. பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டுமா, போட்டோக்காரியிடம் போ, அவ்வளவுதான்.

குட்டையைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கு வெளியே, தண்ணீரை ஒட்டினாற்போல், மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்ட பழைய பம்ப் அறை. அதில் ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது ஓட்டை. ஓட்டைக்கு முன்னால் கிழிந்த பஸ் சீட் ஒன்று. அவள் கணவர் பஸ் டிரைவர். டெப்போவில் கழித்துப் போட்ட சீட்டை எழுதிக் கேட்டு வாங்கி, தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். "உக்காந்து எடு. முதுகு போச்சுன்னா அப்புறம் அது என் தலையிலதான் விடியும்" என்றார். அந்த மனிதருக்கு அன்பு இப்படித்தான் வாயில் வரும்.

பெரியவர் இரண்டு எட்டு எடுத்து வைத்தார். கழுத்து மெல்ல மெல்ல நீண்டது. போட்டோக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். கேமரா நொடிக்கு ஏழு படம் எடுக்கும். தண்ணீர் சிதறியது. ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்து, பெரியவர் எதையோ விழுங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றார்.

அவள் படங்களைப் பார்த்தாள். எப்போதும் பார்க்கிறபடியே பார்த்தாள், கேமராத் திரையில் அதன் கண்ணை மட்டும் பெரிதாக்கி. முதல் படத்தில் மஞ்சள் கண் பளிச்சென்று திறந்திருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் கண் மேல் வெள்ளையாக ஏதோ மூடியிருந்தது. கட்டை விரல் தானாகப் போய் அழித்தது. நான்காவதும் வெள்ளை, அழித்தாள். ஐந்தாவதும் போயிற்று. ஆறாவதில் கண் திறந்திருந்தது. படத்தைச் சிறிதாக்கி முழுசாகப் பார்த்தாள். பெரியவர் நிமிர்ந்து நிற்கிறார், அலகு காலி, தொண்டை மட்டும் புடைத்திருக்கிறது.

"வயசாயிடுச்சு இந்தக் கேமராவுக்கு" என்று முணுமுணுத்தாள். "சரியா அந்த நேரம் பாத்து கண்ணசந்துடுது."

கடை திறக்க நேரமாகிவிட்டது. இனி மிச்சம் இருப்பது நாளைக் காலை ஒன்றுதான். நாளைக்குப் பத்து மணிக்கு மேல் படம் கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

இவ்வளவுக்கும் காரணம் வெளியாள் யாரும் இல்லை. கூடப் பிறந்த தம்பி. அவன் மாடி வீட்டில் இருக்கிறான், பொதுப்பணி அலுவலகத்தில் இன்ஜினியர். வீட்டில் அவனுக்கு ரூல்தடி என்று பெயர். பள்ளியில் படிக்கும்போது ஒரு பென்சில் கோட்டை மூன்று முறை அளந்து போட்ட பிள்ளை. இன்றைக்கும் மாடிப்படியை எண்ணிக்கொண்டே ஏறுகிறான், இடையில் யாராவது ஒரு படியைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்களோ என்று சந்தேகம் போலிருக்கிறது.

பன்னிரண்டு நாளைக்கு முன் சாப்பிடக் கீழே இறங்கி வந்தவன், தட்டில் கை வைக்கும் முன்பே குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அக்கா, உன் கடைக்குப் பின்னாடி இருக்கிற குட்டையை மூடப் போறாங்க. லாரி நிறுத்த இடம் வேணுமாம்."

"எவன் சொன்னான்?"

"நான்தான் ரிப்போர்ட் எழுதியிருக்கேன்."

கணவர் சாப்பாட்டை விட்டுவிட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா தம்பி சண்டையில் நடுவில் போய் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அதனால் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டார்.

சட்டம் என்னவென்றால், உயிர் இருக்கிற நீர்நிலையை மூட யாருக்கும் அதிகாரமில்லை. செத்த தண்ணீர் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் மூடலாம். தம்பி மூன்று தடவை போய்ப் பார்த்தான். கரையோரம் எட்டின வரைக்கும் வலை போட்டான். நடுவில் கோரை மண்டிக் கிடக்கிறது, இடுப்பளவு சேறு, ஆள் இறங்க முடியாது.

"வலையில ஒரு செருப்பு வந்துச்சு. அதுவும் ஒத்தச் செருப்பு" என்றான்.

"அப்போ பெரியவர் தினமும் அங்க வந்து என்னடா பண்றாரு?"

"நிக்கிறதெல்லாம் சாப்பிடறதாக்கா? என் ஆபீஸ்ல நாலு பேர் நாள் முழுக்கத்தான் நிக்கிறாங்க."

மூன்றாம் நாள் அவள் ஒரு படம் கொண்டுபோய் நீட்டினாள். நாரை கரையில் நிற்கிறது, அலகின் நுனியில் மீன் வால் தெரிகிறது. தம்பி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தான். கல்மனசுக்காரன் என்று சொல்ல முடியாது, அளவு தவறினால் ராத்தூக்கம் வராத ஜாதி.

"ஆறு ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கு. அங்க பிடிச்சு இங்க வந்து சாப்பிடலாம். பஸ் ஸ்டாண்டுல உக்காந்து சாப்பிடறவன் பஸ் ஸ்டாண்டுலயா சமைச்சான்?"

"உனக்கு எப்படித்தான்டா படம் வேணும்?"

"அலகு தண்ணிக்குள்ள இருந்து மீனோட வெளிய வரணும். அது இந்தக் குட்டைதான்னு தெரியணும். ஒரே ஒரு படம் போதும். கொண்டா, என் கையாலயே ரிப்போர்ட்டை மாத்தித் தர்றேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லக்கா."

சொன்னதோடு நில்லாமல் மறுநாளே ஆட்களோடு போய்க் கரையைச் சுற்றி முளைக்குச்சி அடித்து, சிவப்பு நாடா கட்டி, ஒவ்வொரு குச்சியிலும் தானே உட்கார்ந்து வெள்ளைப் பெயின்டில் எண் எழுதினான். ஏழு எழுதும்போது அதன் வயிற்றில் ஒரு குறுக்குக் கோடு போடுவது அவன் வழக்கம். யாராவது ஒன்று என்று படித்துத் தொலைத்தால் என்ன செய்வது?

போட்டோக்காரிக்கு அந்தக் குட்டை மேல் ஏன் இவ்வளவு ஒட்டுதல் என்று கேட்டால், அவளே கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்லுவாள். இருபத்திரண்டு வருடமாக அவள் முன்னால் மனிதர்கள் நாலு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறார்கள். ஸ்டூலில் இருக்கிற வரைக்கும் லென்ஸைப் பார்ப்பார்கள், எழுந்ததும் தங்கள் படத்தைப் பார்ப்பார்கள். அவளை யாரும் பார்ப்பதில்லை. மத்தியானம் பின்கதவைத் திறந்து வைத்து டிபன் பாக்ஸோடு உட்கார்ந்தால், எதிரே அந்த நாரை. அவசரமில்லாமல் நிற்கும். சில நாள் தலையைச் சாய்த்து அவளைப் பார்க்கும். அங்கே மண்ணைக் கொட்டி லாரிகளை நிறுத்திவிட்டால் அந்தப் பின்கதவைத் திறக்கவே தனக்குக் கை வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் தூக்கத்தைத் தொலைத்து, பள்ளி ஆண்டுவிழாக்களில் கடைசி வரிசையிலிருந்து மேடையை எடுக்க வாங்கின நீள லென்ஸைத் தூசி தட்டி, ஒற்றைக் காலில் நின்றாள். அந்த விஷயத்தில் நாரைக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

கேமரா பழசு, படம் மட்டும்தான் எடுக்கும், வீடியோ கிடையாது. போனில் எடுத்துப் பார்த்ததில் நாரை பேன் அளவுக்குத் தெரிந்தது.

அன்று வியாழக்கிழமை. கடைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேமராவின் மெமரி கார்டை முழுசாகத் துடைத்தாள். அது அவள் கடையின் சட்டம். நேற்று வந்தவர் முகம் இன்றைக்குக் கார்டில் இருக்கக் கூடாது. யார் படமும் யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று கடை திறந்த நாளிலிருந்து வைத்திருக்கும் ஒழுங்கு. பெரியவர் படங்களும் இப்படித்தான் காலை காலை துடைக்கப்பட்டுப் போயின. உருப்படியாக எதுவும் இல்லாத படங்களைச் சேர்த்து வைத்து என்ன செய்ய என்று அவளும் விட்டுவிட்டாள்.

பதினொரு மணி வாக்கில் ஒரு வெல்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்னங்கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்புகள். புது வேலைக்கு அடையாள அட்டை வேண்டும், எட்டுப் படம், இன்றைக்கே வேண்டும் என்று விண்ணப்பத்தை நீட்டினார். விதிமுறை அதிலேயே அச்சடித்திருந்தது: கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும்.

"இங்க பாருங்க. அசையாதீங்க."

ஃபிளாஷ் அடித்தது. கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூடியிருந்தது. அழித்தாள். இன்னொன்று எடுத்தாள், அதுவும் மூடியிருந்தது. எண்ணிச் சொல்லி எடுத்தாள். எண்ணாமல் திடீரென்று எடுத்துப் பார்த்தாள். பேச்சுக் கொடுத்து, அவர் பதில் சொல்லி முடித்த கையோடு எடுத்தாள். பதினாலு படம் எடுத்தாள், பதினாலிலும் மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க மேடம். இது என் கையில இல்ல. இருபத்தாறு வருஷமா ராடு பிடிச்ச கண்ணு. வெளிச்சம் வரப்போகுதுன்னா அதுவா மூடிக்கும்."

"கண்ண மூடிட்டா எப்படிங்க சரியான இடத்துல வைப்பீங்க?"

"வைக்கிறதுக்கு முன்னாடியே பாக்க வேண்டியதெல்லாம் பாத்து முடிச்சிடணும். குறி பாக்கற வரைக்கும்தான் கண்ணுக்கு வேலை. ராடு போய்த் தொடற நேரத்துல கண்ணு எதுக்கு? திறந்து வெச்சிருந்தா இத்தனை வருஷத்துக்குக் கண்ணு பொட்டையாகியிருக்கும்." சொல்லிவிட்டு விண்ணப்பத்தை ஒரு தடவை பார்த்தார். "கண்ணு கிடக்கட்டும். வாய் மூடியிருந்துச்சா மேடம்? எனக்கு முன்பல்லு கொஞ்சம் துருத்திக்கும்."

அவள் கேமராவைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். அதில் ஒரு படமும் இல்லை.

பதினாலு படம் எடுத்தாள், பதினாலையும் பார்த்தாள், அழித்தாள். அந்த மனிதரின் வாய் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. பல் தெரிந்ததா, சிரித்தாரா, ஒன்றும் தெரியாது. கண்ணைத் தவிர அவள் எதையும் பார்த்திருக்கவில்லை. கண் மூடியிருந்தால் படம் செல்லாது. செல்லாத படத்தில் வாயை எதற்குப் பார்ப்பது?

கேமராவைக் கையில் பிடித்தபடியே ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன மேடம், தலை சுத்துதா?"

"நாரை கண்ண மூடிக்கிட்டுத்தான் குத்துது" என்றாள் அவள்.

வெல்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல மனிதர். "மூடாம? தண்ணி தெறிக்கும்ல" என்றார்.

தண்ணீர் தெறிக்கும். கோரையின் முனை இருக்கும், மீனின் முள் இருக்கும். குறி பார்க்கிற வரைக்கும் கண்ணைத் திறந்து வைத்து, அலகு இறங்குகிற நேரத்தில் கண்மேல் ஒரு படலத்தை இழுத்து மூடிக்கொண்டு, மீனோடு மேலே வந்த பிறகு அதைத் திறக்கிறது. அந்த வெள்ளைக் கண் படங்கள்தான் தம்பி கேட்ட படங்கள். ஒவ்வொரு நாளும் மூன்று நான்கு கிடைத்திருக்கின்றன. கேமரா கண்ணசரவே இல்லை, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. பதினோரு நாளும் மீனைத் தன் கட்டை விரலாலேயே தண்ணீருக்குள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது.

ஃபிளாஷை அணைத்துவிட்டு வெல்டரைப் பின்கதவு வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுத்தாள். கண்ணும் திறந்திருந்தது, வாயும் மூடியிருந்தது, இரண்டையும் பார்த்தாள். எட்டுப் படம் வாங்கிக்கொண்டு அவர் சந்தோஷமாகப் போனார்.

அவர் போனதும் கார்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள். அழிந்த படத்தை மீட்கிற வித்தை அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினார். கடைசியில் திரை நிறையப் படங்கள் வந்தன. பதினாலு வெல்டர்கள், பதினாலு பேரும் கண் மூடி, வாயை அடக்க ஒடுக்கமாக மூடியிருந்தார்கள். காலையில் முழுசாகத் துடைத்ததில் அதற்கு அடியில் இருந்ததெல்லாம் போய்விட்டது, ஒரு நாரை இறகுகூட இல்லை.

சாயங்காலம் வீட்டில் நடந்ததையெல்லாம் கணவரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, இப்போ எங்க பாக்கணும்னு தெரிஞ்சிடுச்சில்ல?"

"தெரிஞ்சுது."

"அப்போ நாளைக்கு எடு" என்று சொல்லிவிட்டு, அலாரத்தை அரை மணி நேரம் முன்னால் திருகி வைத்தார்.

வெள்ளிக்கிழமை வெளுக்கும் முன்பே அவள் பஸ் சீட்டில் இருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் மண் லாரிகள் மூன்று நேற்று இரவே வந்து வரிசையாக நின்றிருந்தன. கமிட்டி கையெழுத்துப் போடும், இவர்கள் கொட்டுவார்கள். எவ்வளவு நம்பிக்கை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறே முக்காலுக்குப் பெரியவர் வந்தார். நடுக் கோரை ஓரம் இறங்கிக் கழுத்தை நீட்டத் தொடங்கினார். அவள் பொத்தானில் விரலை வைத்தாள். அதே சமயம் லாரி டிரைவர் ஒருவர் தூக்கம் கலைந்து இறங்கி, வேலியோரம் நின்று, உலகமே கேட்கும்படி தொண்டையைக் காறினார். பெரியவர் ஒரே வீச்சில் எழும்பிக் கட்டிடங்களுக்கு மேலே போய்விட்டார்.

ஏழரை ஆயிற்று, எட்டும் ஆயிற்று. லாரிக்காரர்கள் டீ வாங்கி வந்து குடித்தார்கள். கால் மரத்துப் போயிற்று. கடை திறக்கும் நேரம் தாண்டியது. யாராவது வந்து பூட்டைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகக் கூடாது. தம்பி பத்து மணி என்றால் பத்து மணிதான், பத்து ஒன்று ஆகாது. அதே மாதிரி ஒன்பதே முக்காலையும் பத்து என்று சொல்ல மாட்டான். அந்த மட்டும் அவனை நம்பலாம்.

எட்டு ஐம்பதுக்கு நிழல் ஒன்று ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. பெரியவர் திரும்பி வந்துவிட்டார். லாரிகளுக்குப் பயந்து இந்தப் பக்கமாக வந்து, பம்ப் அறைக்குக் கீழேயே, எட்டி நீட்டினால் தொடுகிற தூரத்தில் இறங்கினார்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த லென்ஸுக்குப் பத்தடிக்குள் இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது. பதினோரு நாள் தூரத்தில் நின்று படுத்தியவர், இன்றைக்கு மடியில் வந்து உட்காராத குறை. பின்னால் போயாக வேண்டும். சீட்டைத் தள்ளினால் கிறீச்சிடும். கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லச் சரிந்து தரைக்கு வந்தாள். பின்பக்கமாகவே, முழங்கையை ஊன்றி ஊன்றி, அறையின் கடைசிச் சுவர் முதுகில் முட்டும் வரை நகர்ந்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் கதவு இருந்த நிலை. அதன் வழியே, தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தால், வேலிக் கம்பிகளுக்கு நடுவே நாரை முழுசாகத் தெரிந்தது. கால், தண்ணீர், பின்னால் கரை, எல்லாம் தெரிந்தன.

பெரியவர் தலையைச் சாய்த்து இருட்டு அறைக்குள் பார்த்தார். அவள் இமைக்கக்கூட இல்லை. இருவரும் அப்படியே இருந்தார்கள். எறும்பு ஒன்று அவள் மணிக்கட்டில் ஏறிக் கடித்தது. கடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

கண்ணில்தான் தெளிவு வைக்க வேண்டும், அது இருபத்திரண்டு வருடப் பழக்கம். கை தானாகக் கண்ணுக்கே போயிற்று. வலுக்கட்டாயமாக அதைக் கீழே இறக்கினாள், அலகு நுனிக்கு நேர் கீழே இருந்த தண்ணீருக்கு. கண் எப்படியோ போகட்டும்.

கழுத்து நீண்டது. நின்றது. இன்னும் ஒரு விரல் அளவு நீண்டது. அவள் அழுத்தினாள்.

தண்ணீர் வெடித்துச் சிதறியது. பெரியவர் நிமிர்ந்தார், விழுங்கினார், இரண்டு எட்டு நடந்தார்.

படங்களைத் திறந்தாள். விரல் பழக்கப்படியே கண்ணைப் பெரிதாக்கியது. முதல் படம், மஞ்சள். இரண்டாவது, மஞ்சள். மூன்றாவது, வெள்ளை. கட்டை விரல் போய் அழித்தல் பொத்தானை அழுத்திவிட்டது. அழிக்கவா என்று திரை கேட்டது. இன்னொரு அழுத்து அழுத்தினால் முடிந்தது கதை. விரல் அதற்கும் இறங்கிவிட்டது. மற்றக் கையால் அந்த விரலைப் பிடித்து இழுத்தாள், பிள்ளையை அடுப்புப் பக்கத்திலிருந்து இழுக்கிற மாதிரி. வேண்டாம் என்பதைத் தேடி அழுத்தினாள். பிறகு படத்தை மெதுவாக, கண்ணை விட்டுக் கீழே, அலகுப் பக்கம் நகர்த்தினாள்.

மீன் இருந்தது. ஒரு விரல் நீளம், வெள்ளி நிறம், அலகின் குறுக்கே மாட்டி வளைந்திருந்தது. அதன் வால் இன்னும் தண்ணீரைவிட்டு முழுசாக வரவில்லை. அவள் தரையில் படுத்தபடியே விசும்பி விசும்பி அழுதாள். பெரியவர் அதற்கெல்லாம் அசரவில்லை.

தம்பி ஆபீஸுக்குப் போக ஓடிப்போய்ப் பிடித்த பஸ் அவள் கணவர் ஓட்டுவதுதான். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "கிடைச்சிடுச்சுங்க. கொஞ்சம் சீக்கிரம்" என்றாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார், முகமெல்லாம் பூரித்துப் போயிற்று. ஆனால் ஒரு ஸ்டாப்பைக்கூட விடவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் தடவித் தடவி ஏறிய கிழவருக்காக முழுசாக ஒரு நிமிடம் நின்றார். இந்தக் குடும்பத்தில் வந்து வாய்த்ததெல்லாம் ரூல்தடிகள் என்று அவள் மனசுக்குள் வைது தீர்த்தாள்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் தம்பியின் மேஜை முன்னால் நின்றாள். உடம்பெல்லாம் மண், முழங்கை சிராய்ப்பு. அவன் ஃபைலைக் கட்டி எடுத்துக்கொண்டு கமிட்டி அறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் கேமராவை நீட்டினாள்.

அவன் வாங்கினான். சின்ன வயதிலிருந்து அவன் படத்தை எடுத்ததெல்லாம் அக்காதான். ஆபீஸ் அடையாள அட்டைக்கு மட்டும் ஒன்பது தடவை உட்கார வைத்திருக்கிறாள். படம் என்றால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு அவள் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். கண்ணைப் பெரிதாக்கினான்.

"கண்ணு மூடியிருக்கேக்கா. வேற இல்லையா?"

"கண்ணைப் பாக்காதடா. வாயைப் பாரு."

அவன் படத்தை நகர்த்தினான். நகர்த்திய இடத்திலேயே நின்றான். மூக்குக்கண்ணாடியை ஏற்றினான். மீனைப் பார்த்தான், வாலைப் பார்த்தான், வால் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தான். பிறகு நாரைக்குப் பின்னால் கரையைப் பார்த்தான். அங்கே சிவப்பு நாடா கட்டிய முளைக்குச்சி ஒன்று. அதில் வெள்ளைப் பெயின்டில் ஏழு. ஏழின் வயிற்றில் குறுக்குக் கோடு.

"இது என் ஏழு" என்றான், மெதுவாக.

"உன் ஏழேதான்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பதினெட்டு வருட சர்வீஸில் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை ஒரு தடவைகூட மாற்றியதில்லை என்பது அவனுடைய பெரிய பெருமை. அது இப்போது அவன் முகத்திலிருந்து இறங்கிப் போவது தெரிந்தது. அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"மூணு தடவை போனேன்க்கா. மூணு தடவையும் மீன் வெயிலுக்குக் கோரைக்குள்ள ஒதுங்கற பகல் பன்னெண்டு மணிக்குப் போனேன். வேற நேரத்துல போகணும்னு தோணவே இல்ல. சத்தியமா ஒரு மீனும் இல்லன்னு நினைச்சுத்தான் எழுதினேன்."

"நான் மட்டும் என்ன கிழிச்சேன்? பதினோரு நாள் மீனை எடுத்து எடுத்து அழிச்சிருக்கேன். உனக்காவது கண்ணுல படல. எனக்குக் கையில இருந்துச்சு."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஃபைலை அவிழ்த்தான். அடிக்கோலை எடுத்து, 'உயிரற்ற நீர்' என்ற வரியின் மேல் வைத்து, நேராக ஒரு கோடு போட்டான். மேலே 'மீன்கள் உள்ளன' என்று எழுதி, பக்கத்தில் தேதியும் நேரமும் கையெழுத்தும் போட்டான். மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. எழுந்து, "கேமரா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கமிட்டி அறைக்குள் போனான். கதவு முழுசாகச் சாத்தவில்லை.

போட்டோக்காரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். எறும்பு கடித்த இடம் அப்போதுதான் அரிக்கத் தொடங்கியது. உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. கேமரா கைமாறுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஒரு கனத்த குரலில், "என்னய்யா இது, பறவைக்குக் கண்ணே சரியா விழலையே, வேற நல்ல படம் இல்லையா?" என்று கேட்டார்.

அவள் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"கண்ணைப் பாக்காதீங்க சார்" என்றது தம்பியின் குரல். "வாயைப் பாருங்க."